சரவாங்கியும் நான்கு எண்களும்

மூட்டு வீங்கி வருகிறவர்களின் சீட்டில் பெரும்பாலும் நான்கு இரத்தப் பரிசோதனைகளின் பெயர்கள் இருக்கும்: இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. கும்பகோணத்தில் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியனாக இருக்கும் எனக்கு இந்த நான்கும் அன்றாடம் கையில் புழங்குபவை. ரிப்போர்ட்டை வாங்கியதும் எல்லாரும் தடித்த எழுத்தில் இருக்கும் எண்ணைத்தான் தேடுவார்கள். நான்கையும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சடித்துத் தருகிறோம் அல்லவா, அதனால் நான்கும் ஒரே விஷயத்தைச் சொல்வதாகத் தோன்றிவிடுகிறது. உண்மையில் ஆர்.ஏ. ஃபேக்டரும் ஆன்டி சி.சி.பி.யும் இது சரவாங்கி என்று நாம் சொல்லும் முடக்குவாதம்தானா என்று கண்டுபிடிக்க உதவுபவை. இ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் உடம்பில் இன்றைக்கு அழற்சி, அதாவது வீக்கமும் சூடும் வலியுமாக உடம்பு காட்டும் எதிர்வினை, எவ்வளவு இருக்கிறது என்று காட்டுபவை. இந்த வித்தியாசம் தெரியாமல் பணத்தையும் மாதங்களையும் இழந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். என் அக்காவும் அவர்களில் ஒருத்தி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இ.எஸ்.ஆரிலிருந்து தொடங்குகிறேன். நான்கில் வயதில் மூத்தது அது. போலந்து மருத்துவர் எட்மண்ட் பியர்னாட்ஸ்கி 1897-லேயே சிவப்பணுக்கள் படியும் வேகத்துக்கும் நோய்க்கும் தொடர்பு இருப்பதை எழுதிவிட்டார். 1918-ல் ஸ்வீடனில் ராபின் ஃபாரேயஸ், கர்ப்பிணிகளின் இரத்தத்தில் அந்த வேகம் கூடியிருப்பதைக் கவனித்தார். காசநோயாளிகளைப் பார்த்துவந்த ஆல்ஃப் வெஸ்டர்கிரென் 1921-ல் அதற்கு ஒரு முறையை வகுத்தார். இன்றும் நாங்கள் செய்வது அவர் பெயரில் இருக்கும் முறைதான். நான்கு பங்கு இரத்தம், ஒரு பங்கு சோடியம் சிட்ரேட். இரண்டையும் கலந்து அளவுகோடு போட்ட நீளக் குழாயில் ஏற்றி, ஸ்டாண்டில் செங்குத்தாக நிறுத்தி, ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சிவப்பணுக்கள் கீழே இறங்கி மேலே எத்தனை மில்லிமீட்டர் தெளிந்த பிளாஸ்மா நிற்கிறதோ, அதுதான் விடை.

ஏன் இறங்குகிறது? சிவப்பணுக்கள் சாதாரணமாக ஒன்றையொன்று தள்ளிவிடும். உடம்பில் அழற்சி இருக்கும்போது ஃபைப்ரினோஜன் என்ற புரதம் இரத்தத்தில் பெருகி அந்தத் தள்ளலைக் குறைத்துவிடுகிறது. அணுக்கள் அடுக்கிவைத்த காசுகளைப் போல ஒட்டிக்கொண்டு, கனம் கூடி, விரைவாக இறங்குகின்றன. ஆக, நாங்கள் அழற்சியை நேராக அளப்பதில்லை. அழற்சியால் கூடிய புரதம், அந்தப் புரதத்தால் ஒட்டிய அணு, அந்த அணு இறங்கிய தூரம் என்று மூன்று படி தள்ளி நின்று அளக்கிறோம். இடையில் எது வேண்டுமானாலும் புகுந்துவிடலாம். குழாய் மூன்று டிகிரி சாய்ந்திருந்தாலே எண் கணிசமாக ஏறிவிடும். ஸ்டாண்டின் மேல் வெயில் விழுந்தால் ஏறும். எடுத்த இரத்தத்தை மணிக்கணக்கில் வைத்திருந்து போட்டால் எண்ணை நம்ப முடியாது.

இவற்றையெல்லாம் லேப் கவனமாக இருந்து தவிர்த்துவிடலாம். ஆனால் நோயாளியின் இரத்தத்திலேயே இருக்கும் இரத்தசோகையை என்ன செய்வது? சிவப்பணு குறைவாக இருந்தால் இ.எஸ்.ஆர். தானாகவே கூடும். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. அதாவது, இந்தப் பரிசோதனை யாருக்கு அதிகம் தேவைப்படுகிறதோ அவர்களிடம்தான் அது தடுமாறுகிறது. போதாததற்கு நாள்பட்ட அழற்சியே இரத்தசோகையைக் கொண்டுவரும். இரும்புச்சத்து இருக்கிறதா என்று பார்க்க ஃபெரிட்டின் போட்டால், அதுவும் அழற்சியில் ஏறும் பொருள்தான்.

வயதும் ஒரு காரணம். ஆணென்றால் வயதில் பாதி, பெண்ணென்றால் வயதோடு 10 கூட்டி அதில் பாதி, அதுவரை இயல்பு என்று பழைய கணக்கு ஒன்று உண்டு. 60 வயது அம்மாவுக்கு 35 வரை சரி. ஆனால் பல ரிப்போர்ட்டுகளில் எல்லாப் பெண்களுக்கும் 0 முதல் 20 என்றுதான் அச்சாகி வருகிறது. 32 என்று தடித்த எழுத்தில் பார்த்துவிட்டு ஒரு பாட்டி ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறார்.

சி.ஆர்.பி. இத்தனை சுற்றி வருவதில்லை. 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் வில்லியம் டில்லெட்டும் தாமஸ் ஃபிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் சீரத்தில், அதாவது இரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீரில், கண்டுபிடித்த புரதம் அது. நிமோனியா கிருமியின் ‘சி’ என்ற சர்க்கரைப் பொருளோடு ஒட்டியதால் அந்தப் பெயர் வந்தது. மூட்டிலோ வேறெங்கோ அழற்சி தொடங்கினால் ஐ.எல்.-6 என்ற தூதுப் பொருள் கல்லீரலுக்குச் செய்தி கொண்டுபோகும். கல்லீரல் சி.ஆர்.பி.யை உற்பத்தி செய்யத் தொடங்கும். சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாளுக்குள் உச்சத்துக்குப் போய்விடும். அழற்சி நின்றால் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இ.எஸ்.ஆர். இறங்க வாரங்கள் ஆகும், ஏனென்றால் ஃபைப்ரினோஜன் மெல்லத்தான் கரைகிறது. மாத்திரையை மாற்றிய பத்தாம் நாளே ‘இ.எஸ்.ஆர். குறையவே இல்லையே’ என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

2021-ல் கொரோனா இரண்டாவது அலையில் சி.ஆர்.பி. என்ற பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்துபோனது. அது ஒரு பயத்தையும் விட்டுச்சென்றிருக்கிறது. எண் கூடியிருந்தால் நுரையீரலுக்கு ஏதோ என்று இப்போதும் நினைக்கிறவர்கள் உண்டு. சி.ஆர்.பி.க்கு இடம் தெரியாது. சொத்தைப் பல்லில் சீழ், சிறுநீர்த் தொற்று, வைரஸ் காய்ச்சல், கூடுதல் உடல் எடை என எதற்கும் அது அசையும். மூட்டு நோய்க்காகப் பார்க்கும்போது கடந்த இரண்டு வாரத்தில் காய்ச்சல், இருமல், பல்வலி ஏதாவது இருந்ததா என்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, அலகைப் பாருங்கள். ஒரு லேபில் லிட்டருக்கு மில்லிகிராம், இன்னொரு லேபில் டெசிலிட்டருக்கு மில்லிகிராம். இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். போன மாதம் 18 இருந்தது இந்த மாதம் 1.8 ஆகிவிட்டது என்று சந்தோஷமாக வந்த ஒருவருக்கு உண்மையில் எதுவுமே மாறியிருக்கவில்லை. முடிந்தவரை ஒரே லேபில், ஒரே முறையில் பாருங்கள். அப்புறம், இந்த நான்கு பரிசோதனைக்கும் வெறும் வயிறு தேவையில்லை. விறைத்த விரல்களோடு, டீகூடக் குடிக்காமல், காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து உட்கார்ந்திருக்கும் அம்மாக்களைப் பார்க்கும்போதெல்லாம் இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்ளும்.

இப்போது அக்கா கதைக்கு வருகிறேன். முதலில் அவளுக்கு வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடி மூட்டில் வீங்கின. கொஞ்ச நாளில் இடது கையிலும் அதே விரல்கள். காலையில் எழுந்தால் இட்லி மாவுப் பாத்திரத்தைத் தூக்க முடியாது, பத்து மணிக்கு மேல் கொஞ்சம் இளகும். அவள் ஊரில் பார்த்த ஒரு மருத்துவர் ஆர்.ஏ. ஃபேக்டர் மட்டும் எழுதினார். நெகட்டிவ். ‘சரவாங்கி இல்லை, வயசு, சத்துக் குறைவு’ என்று கால்சியம் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். ‘ஏன்டி, நெகட்டிவ்னு வந்திருக்கே, அப்ப எனக்கு ஒண்ணும் இல்லைதானே?’ என்று போனில் கேட்டாள். எனக்கு அவள் சொன்ன எண்ணில் அக்கறை இல்லை. இரண்டு கையிலும் ஒரே மூட்டுகள், காலை விறைப்பு, ஆறு வாரத்துக்கு மேல். தஞ்சாவூரில் ருமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டுநோய் மருத்துவர், ஒருவரிடம் கூட்டிப்போனோம். அவர் எழுதிய ஆன்டி சி.சி.பி. இயல்பு அளவைப் போலப் பல மடங்கு வந்தது.

ஆர்.ஏ. ஃபேக்டர் நல்ல பரிசோதனைதான், ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். நார்வேயில் எரிக் வாலர் இதை 1937-ல் கவனித்து 1940-ல் வெளியிட்டார். நியூயார்க்கில் ஹாரி ரோஸ் 1948-ல் தனியாகக் கண்டுபிடித்தார். அப்போது ஆட்டின் சிவப்பணுக்களை வைத்துச் செய்தார்கள். கிருமிகளை எதிர்க்க உடம்பு செய்யும் புரதங்கள்தான் ஆன்டிபாடிகள்; நம் உடம்பின் ஆன்டிபாடிகளையே எதிரியாகப் பார்க்கும் ஓர் ஆன்டிபாடி அது. முடக்குவாதம் உள்ளவர்களில் நான்கில் ஒருவருக்காவது அது நெகட்டிவாகவே இருக்கும். மறுபக்கம், காசநோய், தொழுநோய், ஹெபடைட்டிஸ் சி, கண்ணும் வாயும் வறளும் ஷோகிரன் நோய் ஆகியவற்றில் பாசிட்டிவாக வரும். ஒரு நோயும் இல்லாத வயதானவர்களுக்கும் வரும். 2006-ல் சிக்குன்குனியா தமிழ்நாட்டை வாட்டியபோது மாதக்கணக்கில் மூட்டு வலியோடு இருந்தவர்களில் சிலருக்கு இந்த ஃபேக்டர் பாசிட்டிவ் என்று வந்து, சரவாங்கி என்ற முத்திரையும் விழுந்தது. அதில் நிறையப் பேருக்குத் தானாகவே சரியானது.

ஆன்டி சி.சி.பி.யின் கதை எனக்குப் பிடித்தது. 1964-ல் நெதர்லாந்தில் நீன்ஹாய்ஸ், மாண்டெமா என்ற இருவர், முடக்குவாத நோயாளிகளின் சீரம் கன்னத்தின் உட்புறச் செல்களோடு ஒட்டுவதைக் கண்டார்கள். நுட்பமான கண்டுபிடிப்புதான், ஆனால் அன்றாடப் பரிசோதனைக்கு ஆகவில்லை. அதற்கு வேறொருவர் கன்னத்திலிருந்து செல் எடுக்க வேண்டும், எல்லார் செல்லும் சரிவராது. எதனோடு ஒட்டுகிறது என்று தெரிய முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1998-ல் நைமேகனில் ஷெல்லேகன்ஸ், வான் வென்ரோய் குழு அதைக் கண்டுபிடித்தது. புரதத்தில் இருக்கும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை உடம்பின் ஒரு நொதி சிட்ருலினாக மாற்றும்போது, சிலருடைய எதிர்ப்பு சக்தி அதை அந்நியமாகப் பார்க்கிறது. அந்த மாறிய துண்டைச் செயற்கையாக வளையமாக்கிப் பரிசோதனைக் கிட்டில் வைத்தார்கள். அந்த வளையத்தின் சுருக்கப் பெயர்தான் சி.சி.பி., அதை எதிர்க்கும் ஆன்டிபாடிதான் ஆன்டி சி.சி.பி. மூட்டு வலியோடு வருகிறவருக்கு இது பாசிட்டிவ் என்றால், முடக்குவாதமாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். வேறு நோய்களில் பாசிட்டிவாக வருவது குறைவு. காசநோயில் சில சமயம் வரும் என்பதை நம் ஊரில் மறக்கக் கூடாது.

ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆய்வு செய்தார்கள். முடக்குவாதம் வந்த 79 பேர் முன்பு இரத்ததானம் செய்தபோது சேமித்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் தொடங்கும் முன்பே ஆர்.ஏ. ஃபேக்டரோ ஆன்டி சி.சி.பி.யோ இரத்தத்தில் இருந்தது, சராசரியாக நான்கரை ஆண்டுகளுக்கு முன்னதாக. 2004-ல் வந்த முடிவு இது. ஒரு விரல்கூட வீங்காத காலத்திலேயே இருக்கும் ஒரு பொருள், வீக்கம் இன்று கூடியதா குறைந்ததா என்று எப்படிச் சொல்லும்? நோய் முழுக்க அடங்கிய பிறகும் ஆன்டி சி.சி.பி. அதே உயரத்தில் இருக்கலாம். ஒருமுறை பாசிட்டிவ் என்று உறுதியானால் அந்தப் பரிசோதனையின் வேலை முடிந்தது. ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பப் போட்டுப் பார்த்து, ‘இன்னும் 200-லேயே நிக்குதே’ என்று கண் கலங்குகிறவர்கள் எங்கள் லேபுக்கு வருகிறார்கள். நான்கில் செலவு அதிகமானதும் அதுதான். லேபுக்கு வருமானம் என்றாலும் என்னால் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. ‘அம்மா, டாக்டரைக் கேட்டுட்டு வாங்க, இது திரும்ப வேணுமான்னு’ என்று சொல்லி அனுப்புகிறேன்.

2010-ல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுநோய் மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து வகுத்த மதிப்பெண் முறையைப் பார்த்தால் எதற்கு எவ்வளவு எடை என்று புரியும். மொத்தம் 10, ஆறு வந்தால் முடக்குவாதம். ஆர்.ஏ. ஃபேக்டரோ ஆன்டி சி.சி.பி.யோ, இந்த ஆன்டிபாடிகளில் ஒன்று இயல்பு அளவைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் 3 மதிப்பெண். இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. கூடியிருந்தால் 1. மூட்டுகளுக்கு அதிகபட்சம் 5. ஆன்டிபாடி எவ்வளவு உயர்ந்திருந்தாலும், வீங்கிய மூட்டு ஒன்றாவது இல்லாமல் அந்தக் கணக்கையே தொடங்க முடியாது.

நோயைக் கண்டுபிடித்த பிறகு அதைப் பின்தொடர்வதற்கு டி.ஏ.எஸ்.-28 என்ற கணக்கு உண்டு. இரு தோள், இரு முழங்கை, இரு மணிக்கட்டு, இரு முழங்கால், கைவிரல்களில் இருபது மூட்டு, ஆக 28. டாக்டர் ஒவ்வொன்றையும் தன் கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவு அழுத்திப் பார்த்து, வலிப்பது எத்தனை, வீங்கியது எத்தனை என்று எண்ணுவார். அதோடு இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி., நோயாளி தன் நிலைக்குத் தானே தரும் மதிப்பெண். நான்கையும் ஒரு சூத்திரத்தில் போட்டால் ஓர் எண் வரும். 2.6-க்குக் கீழே என்றால் நோய் அடங்கியிருக்கிறது, 5.1-க்கு மேல் என்றால் தீவிரம்.

அந்தச் சூத்திரத்தை ஒருநாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். இ.எஸ்.ஆர். 20-லிருந்து 40 ஆனால் மொத்தத்தில் ஏறக்குறைய 0.49 கூடுகிறது. வீக்கமே இல்லாத ஒருவருக்குப் புதிதாக மூன்று மூட்டு வீங்கினாலும் அதே 0.49தான் கூடுகிறது! ஹீமோகுளோபின் 8-ல் இருக்கும் ஒரு பெண்ணுக்கு, இரத்தசோகையால் மட்டும் ஏறிய இ.எஸ்.ஆர். மூன்று வீங்கிய மூட்டுக்குச் சமமாகிவிடலாம். அதை வைத்து மருந்தைக் கூட்டினால்? பாத மூட்டுகள் அந்த 28-ல் இல்லவே இல்லை என்பதும் எனக்கு உறுத்துகிறது. நாள் முழுக்கச் செருப்பில்லாமல் அடுப்படியில் நிற்கும் பெண்களுக்கு வலி பல நேரம் தொடங்குவது பாதத்தின் முன்பகுதியில்தான். டாக்டர் கேட்காவிட்டாலும் காலைக் காட்டுங்கள். இரத்தப் பரிசோதனையே இல்லாமல், மூட்டு எண்ணிக்கையையும் நோயாளி, டாக்டர் இருவரின் மதிப்பெண்களையும் மட்டும் கூட்டும் சி.டி.ஏ.ஐ. என்ற கணக்கும் இருக்கிறது. அன்றே, அந்த அறையிலேயே போட்டுவிடலாம். லேபில் வேலை செய்யும் நான் அதைப் பரிந்துரைப்பது சிலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். எனக்கு நோயாளியின் கைதான் முக்கியம்.

இரத்தம் எடுக்கும்போது ‘கையை இறுக்கி மூடுங்கம்மா’ என்று சொல்வது எங்கள் வழக்கம். நோய் முனைப்பாக இருப்பவர்களால் காலையில் விரலை உள்ளங்கை வரை கொண்டுவரவே முடியாது. அதைப் பார்த்த பிறகு சி.ஆர்.பி. 4, அதாவது இயல்பு, என்று இயந்திரம் காட்டினாலும் நோய் இல்லை என்று என்னால் நினைக்க முடிவதில்லை. அப்படிப்பட்டவர்கள் அபூர்வமும் இல்லை. முதல்முறை நோய் கண்டுபிடிக்கும்போது இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் இயல்பாகவே இருப்பவர்கள் கணிசமாக உண்டு, சில ஆய்வுகளில் பாதிக்கு நெருக்கமாகவும் இருந்திருக்கிறார்கள். அக்காவுக்கும் அப்படித்தான். மணிக்கட்டு கண்ணுக்குத் தெரிய வீங்கியிருந்த நாளில் சி.ஆர்.பி. இயல்புக்குள் இருந்தது. டாக்டர் எண்ணை ஓரமாக வைத்துவிட்டு அல்ட்ராசவுண்ட் டாப்ளர் பார்த்தார். மூட்டுச் சவ்வில் இரத்த ஓட்டம் பெருகியிருந்தது. மருந்தைக் கூட்டினார். அவளைப் பொறுத்தவரை சி.ஆர்.பி.யை நம்பி உட்கார முடியாது என்று அன்றைக்கே அவள் ஃபைலில் எழுதியும் வைத்தார். எல்லாருடைய ஃபைலிலும் இப்படி ஒரு வரி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

எண் இறங்கியும் ஏமாற்றும். எங்கள் பக்கம் மூட்டு வலிக்கு என்று பொட்டலம் கட்டிக் கொடுக்கும் பொடிகளும், மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் ‘சின்ன வெள்ளை மாத்திரை’யும் உண்டு. அவற்றில் பல நேரம் இருப்பது ஸ்டீராய்டு. இரண்டு நாளில் வலி போய்விடும், சி.ஆர்.பி.யும் இறங்கிவிடும். ரிப்போர்ட்டைப் பார்த்தால் குணமானது போலவே இருக்கும். நிறுத்தினால் எல்லாம் திரும்பும், நிறுத்தாவிட்டால் சர்க்கரை, எலும்புத் தேய்வு, முகம் ஊதுவது எல்லாம் வரும். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் டாக்டர் திட்டுவார் என்று மறைக்கிறார்கள். தயவுசெய்து சொல்லிவிடுங்கள். வெறும் வலி மாத்திரைக்கு இந்த எண் பெரிதாக இறங்காது, அதனால் விசாரிக்கிற டாக்டர் கண்டுபிடித்துவிடுவார்.

புதிய மருந்துகளில் இதைவிட நுணுக்கமான ஒன்று இருக்கிறது. டோசிலிசுமாப் ஊசி ஐ.எல்.-6 செய்தியையே அடைத்துவிடுகிறது. செய்தி போகாவிட்டால் கல்லீரல் சி.ஆர்.பி.யைச் செய்யாது. மூட்டு முழுக்க ஆறாமலே சி.ஆர்.பி. பூஜ்ஜியத்துக்கு அருகில் வரலாம். நிமோனியா வந்தாலும் ஏறாமல் இருக்கலாம். அந்த ஊசி போடுகிறவர்கள் காய்ச்சல் வந்தால் ‘சி.ஆர்.பி. நார்மல்தான்’ என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. டோஃபாசிடினிப் போன்ற மாத்திரைகளிலும் ஓரளவு இதே சிக்கல் உண்டு.

இத்தனை குறையோடு அளப்பது எதற்கு என்று கேட்கலாம். 2004-ல் கிளாஸ்கோவில் 110 நோயாளிகளை இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வு ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. ஒரு பிரிவை மாதம் ஒருமுறை வரவைத்து, மூட்டுகளை எண்ணி, இ.எஸ்.ஆர். சேர்த்துக் கணக்குப் போட்டு, இலக்கு எட்டாவிட்டால் உடனே மருந்தை உயர்த்தினார்கள். இன்னொரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. பதினெட்டு மாத முடிவில் முதல் பிரிவில் 65 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது, இரண்டாவதில் 16 சதவீதம். டோசிலிசுமாப் போன்ற விலை கூடிய உயிரியல் மருந்துகள் அந்த ஆய்வில் இல்லை. பழைய மாத்திரைகளையும் ஸ்டீராய்டு ஊசியையும் வைத்துக்கொண்டு, விடாமல் அளந்ததில் கிடைத்த பலன் அது. கால்புரொடெக்டின், எம்.எம்.பி.-3, பன்னிரண்டு புரதங்களைச் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும் பரிசோதனை என்று புதியவை வந்திருக்கின்றன. கால்புரொடெக்டின் கல்லீரலைச் சுற்றிவராமல் அழற்சி நடக்கும் இடத்து வெள்ளணுக்களிலிருந்தே வருவதால் எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் கும்பகோணத்துக்கு அவை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

நோயாளிகளிடம் நான் கெஞ்சிக் கேட்பது வேறொன்று. முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் இரத்த அணுக்கள் எண்ணிக்கை, கல்லீரலுக்கு எஸ்.ஜி.பி.டி., சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின் ஆகிய மூன்றையும் டாக்டர் சொன்ன இடைவெளியில் பார்த்தே ஆக வேண்டும். இவை நோயை அளப்பவை அல்ல, மருந்து உடம்பைக் கெடுக்கிறதா என்று பார்ப்பவை. ஆன்டி சி.சி.பி.க்குப் பணம் கொடுத்துவிட்டு இவற்றை ‘அடுத்த தடவை பாத்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறார்கள். அந்த மாத்திரை வாரத்துக்கு ஒருநாள் மட்டும் சாப்பிட வேண்டியது. தவறாகத் தினமும் சாப்பிட்டுவிட்டு, வாயெல்லாம் புண்ணாகி வந்த ஓர் ஐயாவின் வெள்ளணு எண்ணிக்கையைப் பார்த்ததும் ரிப்போர்ட் அச்சாகக் காத்திருக்காமல் அவருடைய டாக்டருக்குப் போன் செய்தேன். அன்று மாலையே அவரை மருத்துவமனையில் சேர்த்து ஃபோலினிக் அமில ஊசி போடத் தொடங்கினார்கள். பிழைத்துக்கொண்டார். அக்கா செவ்வாய்க்கிழமை சாப்பிடுகிறாள். காலண்டரில் செவ்வாய்க்கிழமைகளைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, சாப்பிட்டதும் அத்தான் அதன் மேல் தேதியோடு கையெழுத்துப் போடுகிறார்.